மவுத்தானவரின் கார்: சாவி ஒருவர் கையில், உரிமை யாருக்கு?

ஜனாஸா அடக்கம் முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. "அண்ணன் வண்டியை நான் பார்த்துக்கறேன்" என்று தம்பி சாவியை எடுத்துக்கொண்டு போகிறார். இத்தாவில் இருக்கும் மனைவி அந்த நேரத்தில் என்ன பேசுவார்? ஆறு மாதம் கழித்துக் கேட்டால், "அது அண்ணன் எனக்குக் கொடுத்தது" என்று பதில் வருகிறது.

பழவேற்காடு, பசியாவரம் போன்ற ஏரியோர ஊர்களில் வண்டி என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. மீனும் இறாலும் சந்தைக்குப் போவதும், நோயாளியைப் பொன்னேரிக்கோ சென்னைக்கோ கொண்டு போவதும் வண்டியில்தான். அதை இழக்கும் குடும்பம் வருமானத்தையும் சேர்த்து இழக்கலாம்.

இந்தப் பிரச்சினை நபி (ஸல்) அவர்களிடமே வந்திருக்கிறது. உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளுடன் வந்து, பிள்ளைகளின் தந்தையுடன் பிறந்தவர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்று முறையிட்டார்கள். பாகப்பிரிவினை வசனம் இறங்கியது. நபியவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, மகள்களுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் இது பதிவாகியுள்ளது. அவரைத் துரத்தவில்லை, கணக்கைச் சொன்னார்கள். நமக்கும் அதுவே வழி.

கணக்கு என்ன?

உயிர் பிரிந்ததுமே கார் வாரிசுகளின் கூட்டுச் சொத்தாகிவிடுகிறது. முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், மீதிதான் வாரிசுகளுக்கு. வண்டிக் கடனும், கொடுக்காமல் விட்ட மஹரும் கடனில் சேரும்.

இறந்தவருக்குப் பெற்றோர் இல்லை. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். கடன் போக, காரின் மதிப்பு 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு 50,000, மகனுக்கு 1,75,000, மகள்களுக்குத் தலா 87,500. மகன் இருப்பதால் தம்பிக்குப் பங்கே இல்லை. மூத்த மகன் எடுத்துக்கொண்டாலும் சட்டம் இதேதான்: அவருக்குரியது அவர் பங்கு மட்டும், முழு வண்டி அல்ல.

"எனக்குக் கொடுத்தார்" என்றால்?

உயிரோடு இருக்கும்போதே கொடுத்து, அவரும் பெற்றுத் தன் கைவசம் வைத்திருந்தால்தான் அது ஹிபா. அதை நிரூபிக்க வேண்டியவர் உரிமை கோருபவர். வண்டி வாங்க அவர் பணம் கொடுத்திருந்தால், அதற்கு ஆதாரம் காட்டினால், அதைக் கடனாகவோ கூட்டுப் பங்காகவோ கணக்கில் சேர்க்க வேண்டும். அவருடைய நியாயத்தையும் கேட்பது நம் மீது கடமை.

தாய் மனம் இரங்கி "போகட்டும்" என்று சொன்னாலும் அவருடைய பங்கு மட்டுமே போகும். பருவமடையாத பிள்ளைகளின் பங்கை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்று குர்ஆன் (4:10) எச்சரிக்கிறது. அனுமதியின்றி ஓட்டிய நாட்களுக்கு வாடகையும் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம்.

அரசுச் சட்டம்

மோட்டார் வாகன விதிகளின்படி, உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 மூலம் பெயர் மாற்றக் கோர வேண்டும். ஆர்.சி. புத்தகம், இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், காப்பீட்டுத் தாள் ஆகியவை தேவைப்படும். காப்பீடும் பொதுவாக மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரைதான்.

இத்தா நான்கு மாதம் பத்து நாள். அது முடியட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கெடுக்கள் எல்லாம் கடந்துவிடும். ஆகவே நம்பிக்கையான ஒருவர் அலுவலக வேலைகளைப் பார்க்கட்டும். அவசியத் தேவைக்கு அந்தப் பெண் பகலில் வெளியே செல்வதற்கும் மார்க்கத்தில் அனுமதி உண்டு.

எப்படிக் கேட்பது?

முதல் வாரத்திலேயே குடும்பப் பெரியவர் ஒருவர் வழியாகக் கேளுங்கள். "வண்டியைத் திருடிட்டீங்க" என்று தொடங்க வேண்டாம். "சாச்சா, வண்டி இன்னும் அத்தா பேர்லதான் இருக்கு. ஒரு விபத்து நடந்தா உங்களுக்கும் சிக்கல், எங்களுக்கும் சிக்கல். பேர் மாத்தி, பங்கு பிரிச்சிடலாம்" என்று பிள்ளைகள் சொல்லட்டும். ஆர்.சி., காப்பீட்டுத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அவருக்கே வண்டி வேண்டுமென்றால் சந்தை மதிப்பைக் கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும்.

அதிலும் தீரவில்லையென்றால் ஜமாஅத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்து எழுத்தில் முடிவு செய்யுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. இறந்தவரின் பொருளை நேர்மையின்றி எடுத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 315-ஆம் பிரிவின்படி குற்றம். காவல் நிலையம் கடைசி வழியாக இருக்கட்டும். ஆனால், அது உறவை முறிக்கும் செயல் அல்ல. ஹக்கைக் கேட்பவர் உறவை முறிப்பவர் அல்லர். ஹக்கைத் தர மறுப்பவரே முறிக்கிறார்.

பிறர் ஹக்கைச் சுமக்காமல் தன்னைச் சந்திக்கும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.