தள்ளாமையும் தசையிழப்பும்: வத்தல்மலை முதியோர்க்கான இயன்முறைச் சிகிச்சை

முதுமையில் உடல் தளர்வதைத் தமிழ் வழக்கு ‘தள்ளாமை’ என்று குறிக்கிறது. ‘தள்ளாத வயது’ என்னும் தொடரில் அத்தளர்ச்சி வயதின் இயல்பாகவே கொள்ளப்படுகிறது. மருத்துவமும் நெடுங்காலம் அவ்வாறே கருதியது. 1989இல் இர்வின் ரோசன்பர்க் இந்நிலைக்குச் ‘சார்க்கோபீனியா’ என்று பெயரிட்டார். சதை, குறைவு எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. 2016இல்தான் அமெரிக்க நோய்க்குறியீட்டுப் பட்டியலில் அதற்குத் தனிக் குறியீடு கிடைத்தது. பெயர் சதையைச் சுட்டினாலும், இன்றைய வரையறைகள் சதையின் அளவோடு வலிமையையும் இயக்கத்தையும் சேர்த்தே நோக்குகின்றன.

தருமபுரி மாவட்டத்து வத்தல்மலை, மலையாளிப் பழங்குடியினர் வாழும் பகுதி. சிறுதானியமும் காப்பியும் மிளகும் விளையும் இம்மலையில் ஏற்ற இறக்கம் அன்றாட வாழ்வின் பகுதி. உழைத்துப் பழகிய உடலுக்குத் தசையிழப்பு நேராது என்னும் எண்ணம் இத்தகைய இடங்களைப் பற்றி எளிதில் எழுகிறது. அது பாதி உண்மையே. தசை, பழகிய சுமைக்குமேல் சுமை ஏறும்போதுதான் வலுப்பெறுகிறது. ஒரே அளவான உழைப்பு அதனை ஓரளவு காக்குமேயன்றி வளர்க்காது. வயது ஏற ஏற, விரைந்து சுருங்கும் தசைநார்களே மிகுதியாகக் குறைகின்றன. கால் இடறும்போது உடலைத் தாங்கி நிறுத்துபவை அவையே. சரிவில் இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே, ஏற்றத்தில் மூச்சு வாங்குவதை மட்டுமன்றி, இறக்கத்தில் முதியவர் தயங்குவதையும் கவனிக்க வேண்டும்.

ஆசியப் பணிக்குழு 2019இல் வகுத்த அளவீடுகளின்படி, கைப்பிடி வலிமை ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருப்பது குறைவு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து அமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆவது இயக்கக் குறைவைக் காட்டும். இரண்டாவது சோதனைக்கு ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும். தரையில் அமர்ந்து எழும் வழக்கமுள்ள வீடுகளில் அன்றாடத் தேவை இதனினும் கடுமையானது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சிகிச்சையின் மையம், படிப்படியாகச் சுமை கூட்டும் எதிர்ப்புப் பயிற்சி. 1990இல் மரியா ஃபியாடரோன் குழுவினர் 90 வயதை ஒட்டிய பத்து முதியோர்க்கு எட்டு வாரம் இப்பயிற்சி அளித்தனர். அதனை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. 1994இல் முதியோர் இல்லவாசிகள் 100 பேரிடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பலன் தந்தது. பயிற்சியின்றி ஊட்டப்பானம் மட்டும் அளித்தது வலிமையைக் கூட்டவில்லை. ஒத்தடமும் பிடித்துவிடுதலும் வலியைத் தணிக்கலாம், தசையை வளர்ப்பதில்லை. வீட்டிலேயே நாற்காலியிலிருந்து எழுதல், படியேறுதல், கணுக்காலில் மணல்பை கட்டிக் காலை நீட்டுதல் ஆகியவற்றை வாரம் இரண்டு மூன்று நாள்கள் செய்யலாம். பத்து முறை எளிதாக முடிந்தால் சுமை கூட வேண்டும். இதய நோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளோர் மருத்துவர் ஒப்புதலுடனேயே தொடங்க வேண்டும்.

உணவையும் ஒதுக்க இயலாது. வல்லுநர் குழுக்கள் முதியோர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் பரிந்துரைக்கின்றன. 50 கிலோ எடையுள்ளவர்க்கு அது நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 7 கிராமும் சாமையில் சுமார் 10 கிராமும் புரதம் உண்டு. களியும் சோறும் மட்டும் இத்தேவையை நிறைவு செய்யா. 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் தரும் கொள்ளும், அவரையும் முட்டையும் உடன் வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு இவ்வளவு பொருந்தாது.

அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இல்லம் தேடிவரும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். மலையூர்களுக்கு இதுவே மிகப் பொருத்தமான வழி. ஆனால் வருகைகளின் எண்ணிக்கை மட்டும் சிகிச்சையின் பலனைச் சொல்லாது. ஐந்து முறை எழுந்தமர ஆகும் நேரத்தையும் கணுக்காலில் கட்டிய சுமையையும் ஒவ்வொரு வருகையிலும் குறித்துவைத்தால், மூன்று மாதத்தில் அம்முதியவரின் கால்கள் வலுப்பெற்றனவா என்பதை அந்த ஏடே காட்டும்.