வெடிப்பு அபாய வலயங்கள்: ஒரு பாகுபாட்டின் சமூக அடிப்படை

எரிவாயுவோ எரிதிரவ ஆவியோ வளியிற் கலக்கும் தொழிலிடங்களில் எத்தகைய மின்னுபகரணங்களை நிறுவலாம் என்பதை வலயப் பாகுபாடு நிர்ணயிக்கின்றது. இது பொறியியலாளருக்கு மட்டுமே உரிய விடயமெனக் கருதப்படுவதுண்டு. ஆயின் இதன் தோற்றத்தையும் நடைமுறையையும் நோக்குமிடத்து, உழைப்போர் உயிருக்கும் உற்பத்திச் செலவுக்குமிடையிலான முரண்பாடு இதனுள்ளே தொழிற்படுவதைக் காணலாம்.

1913 ஒக்டோபர் 14இல் தென் வேல்சின் செங்ஹெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 439 தொழிலாளரும் மீட்புப் பணியாளர் ஒருவரும் மாண்டனர். சமிக்ஞை மணியின் மின்கம்பிகளில் எழுந்த பொறி காரணமாயிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. எனினும் அது உறுதியாக நிறுவப்படவில்லை. சுரங்கச் சட்டத்தை மீறியமைக்காக முகாமையாளருக்கு 24 பவுணும் கம்பனிக்கு 10 பவுணும் தண்டம் விதிக்கப்பட்டன. குறைந்த மின்னழுத்தமுடைய மணிச் சுற்றுகள் ஆபத்தற்றவை என்ற அக்கால எண்ணத்தை வீலர், தோர்ன்ரன் ஆகியோரின் ஆய்வுகள் தகர்த்தன. மணியின் மின்காந்தச் சுருளிற் சேமிக்கப்படும் சக்தி, சுற்று முறியும்போது பொறியாகி மெதேனைப் பற்றவைக்கவல்லது. பொறியின் சக்தியைப் பற்றவைக்கும் அளவுக்குக் கீழே மட்டுப்படுத்தும் ‘உள்ளார்ந்த பாதுகாப்பு’க் கோட்பாடு இவ்வாய்வுகளிலிருந்தே வளர்ந்தது.

மெதேன் வளியில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போதே வெடிக்கும். எனவே அத்தகைய கலவை எவ்விடத்தில், எவ்வளவு காலம் நிலவும் என்பதே பாகுபாட்டின் அடிப்படை வினாவாகும். அது தொடர்ச்சியாகவோ நீண்ட நேரமோ அடிக்கடியோ நிலவுமிடம் வலயம் 0. இயல்பான இயக்கத்தின்போது இடையிடையே தோன்றக்கூடியது வலயம் 1. இயல்பான இயக்கத்தில் தோன்றாது, தோன்றினும் சொற்ப நேரமே நீடிப்பது வலயம் 2. பெற்றோல் தாங்கியில் திரவத்துக்கு மேலுள்ள வெளி வலயம் 0 ஆகும். ஆவி வெளியேறும் குழாய்வாயின் அண்மைப்பகுதி பொதுவாக வலயம் 1 ஆகவும், அதற்கப்பாற்பட்ட பகுதி வலயம் 2 ஆகவும் கொள்ளப்படும். காற்றோட்டம் சீராயின் வலயம் சுருங்கும், தடைப்படின் விரியும்.

வலயத்தோடு வாயுவின் தன்மையும் கருதப்படும். புரொப்பேனைவிட எதிலீனும், அதனைவிட ஐதரசனும் மிகச் சிறிய பொறியாலும் பற்றும். உபகரண மேற்பரப்பின் உச்ச வெப்பநிலையும் T1 (450 பாகை செல்சியசு) முதல் T6 (85 பாகை) வரை வகுக்கப்பட்டுள்ளது.

இவ்வரைவிலக்கணங்களில் ‘இயல்பான இயக்கம்’ என்னுந் தொடர் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வலயம் 1க்குரிய உபகரணங்கள் பொதுவாக விலை கூடியன. ஆதலின் எல்லைக்கோட்டை உட்புறமாகத் தள்ளுவது உரிமையாளருக்கு ஆதாயமாகின்றது. பராமரிப்புப் பிற்போடப்பட்டு, தேய்ந்த அடைப்புகள் நாள்தோறும் கசியுமாயின், வரைபடத்தில் விதிவிலக்காகக் குறிக்கப்பட்டது தொழிலாளியின் வாழ்வில் இயல்பாகிவிடுகின்றது. அதனை முதலில் உணர்பவனும் அவனே. ஆகவே வலய வரைபடம் ஒருமுறை வரைந்து பேழையில் வைக்கப்படும் ஆவணமாக இருத்தலாகாது. மாற்றந்தோறும் மீளாய்வு செய்யப்படல் வேண்டும். அவ்வாய்வில் தொழிலாளரின் அனுபவ அறிவு இடம்பெறுதல் சலுகையன்று. பாகுபாடு உண்மையாக அமைவதற்கான நிபந்தனையாகும்.