கட்டிலின் நான்கு முனைகள்



கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் கட்டிலோடு சுமந்து வந்த நிகழ்வை மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கூட்டம் வழியை மறித்தபோது அவர்கள் கூரையைப் பிரித்து அவரை இறக்கினர். ஆண்டவர் சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையையும் கண்ணுற்றார் என்பதை மறவாதிருப்போம்.

அச்சுவேலியின் ஒழுங்கையொன்றில், இத்தகைய கட்டிலைத் தனியே சுமக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவளுடைய மகனுக்கு மனச்சிதைவு நோய். பிறர் கேளாத குரல்கள் அவனுக்குக் கேட்கின்றன. உணவில் நஞ்சு கலந்திருப்பதாக அஞ்சுகிறான். மாதந்தோறும் அவனை இணங்கவைத்து, தெல்லிப்பழைக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ பேருந்தில் அழைத்துச் செல்கிறாள். அன்றைக்குத் தோட்டக்கூலி இல்லை. அவனைத் தனியே விட முடியாமையால் ஞாயிறு திருப்பலியும் இல்லை. "எனக்குப் பிறகு இவனை ஆர் பாக்கிறது?" என்பதே அவளுடைய ஓயாத செபம்.

அவளது பாரத்தை நமது நாவு இன்னும் கூட்டுகிறது. 'விசரன்' என்கிறோம், செய்வினை என்கிறோம், வளர்ப்பின் குறை என்கிறோம். இயேசுவையும் அவருடைய உறவினர் மதிமயங்கியவரெனக் கருதிப் பிடித்துச் செல்ல வந்தனர் என்று அதே மாற்கு கூறுகிறார். மனச்சிதைவு பாவத்தின் தண்டனையன்று. உலகில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோரைப் பற்றியுள்ள நோய். அதற்கு மருந்துண்டு. குணம் கண்டதும் மருந்தைத் தாமாக நிறுத்துவோருக்கு நோய் மீளும் ஆபத்து மிகுதி. ஆகவே, "செபம் போதும், குளிசை வேண்டாம்" என்று எவரும் சொல்லலாகாது. செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பெல்ஜியம் நாட்டின் கேல் நகரம் நமக்கொரு பாடம். மனநோயாளரின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் திருத்தலத்தை நாடி வந்தவர்களை, இடைக்காலந்தொட்டே அந்நகரத்துக் குடும்பங்கள் தம் வீடுகளில் ஏற்றுக்கொண்டன. 1938 ஆம் ஆண்டளவில் 3,700க்கும் மேற்பட்டோர் அவ்வாறு வாழ்ந்தனர். மருத்துவக் கண்காணிப்புடன் இன்றும் தொடரும் இம்மரபை 2023 இல் யுனெஸ்கோ சிறந்த பேணல் நடைமுறையாக ஏற்றது. அங்கே பாரத்தை ஓர் ஊரே பகிர்ந்துகொண்டது.

நம்மிடம் அத்தகைய அமைப்பு இல்லை. அயல் உண்டு, பங்கு உண்டு. அத்தாய் திருப்பலிக்குச் சென்று வரும்வரை ஒருவர் அம்மகனோடு அமர்ந்திருக்கலாம். வைத்தியசாலை நாளில் இன்னொருவர் உடன் செல்லலாம். மற்றொருவர் அவனைப் பெயர் சொல்லி அழைத்து, தோட்டத்தில் இயன்ற வேலையைக் கொடுக்கலாம். அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 1926 என்னும் தேசிய உளநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

ஒரு முனையை அத்தாய் ஏற்கெனவே பிடித்திருக்கிறாள். எஞ்சிய மூன்று முனைகளும் நம் கைகளுக்காகக் காத்திருக்கின்றன.

திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பரே, நோயுற்றோரைக் காக்கும் இல்லங்களுக்காக மன்றாடும். ஆமென்.