கணக்கில் 17 மணி, டிக்கெட்டில் 19

சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு 15,300 கிலோமீட்டர் சொச்சம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. டிக்கெட்டிலோ ஏறக்குறைய 19 மணி நேரம் போட்டிருக்கிறது. நடுவில் இரண்டு மணி நேரம் எங்கே போனது?

கொஞ்சம் தரையிலேயே போய்விடுகிறது. ஒரு கேட்டிலிருந்து நகர்ந்தது முதல் மறு கேட்டில் போய் நிற்பதுவரை எல்லாம் அட்டவணைக் கணக்கில் சேரும். ஓடுபாதைக்காக வரிசையில் காத்திருப்பதும்கூட.

மீதிக்குக் காரணம் பாதை. பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். அது பசிபிக் பக்கமும் போகாது, அட்லாண்டிக் பக்கமும் போகாது. வடதுருவத்தை ஒட்டியே போகும். தீர்க்கரேகைக் கணக்கில் இரு ஊர்களுக்கும் இடையே கிட்டத்தட்ட 178 பாகை. அதாவது உலகின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். 15,300 என்பது அந்த நூலின் நீளம்தான்.

விமானிக்கு நூலைவிடக் காற்று முக்கியம். தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் 'ஜெட்' காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். 2024 பிப்ரவரியில் வாஷிங்டனிலிருந்து லண்டன் போன ஒரு விமானம், இந்தக் காற்றின் புண்ணியத்தில் மணிக்கு 1,290 கிலோமீட்டர் தரைவேகத்தைத் தொட்டது.

அதனால் நியூயார்க் போகும் விமானம் வழக்கமாகக் கிழக்கே, பசிபிக்கைக் கடந்து போகிறது. தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். வேடிக்கை என்னவென்றால், திரும்பும்போதும் பல நாள் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருகிறது. போய் வந்தவர் தமக்கே தெரியாமல் உலகை ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார்!

இத்தனை தூரத்துக்கு எரிபொருளே பெரும் சுமை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கென வாங்கிய ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் ரகம் 1,65,000 லிட்டர் கொள்ளும். எடை சுமார் 130 டன். புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மொத்த எடையே 280 டன்தான். முதல் சில மணி நேரம் எரிவதில் கணிசமான பங்கு, பின்னால் எரியப்போகும் எண்ணெயைச் சுமப்பதற்கே செலவாகிறது. ஆகவே இருக்கைகள் 161 மட்டும். இதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350இல் 253. எகானமி வகுப்பே கிடையாது. சாமானியருக்கு இன்னும் ஒரு ஊரில் இறங்கி மாறும் பயணம்தான்.

டிக்கெட் எடுப்பவர்கள் தேதியைக் கவனிக்க வேண்டும். கோடையில் இரு ஊர்களுக்கும் 12 மணி நேர வித்தியாசம். திங்கள் அதிகாலை சிங்கப்பூரில் ஏறினால், அதே திங்கள் காலை நியூயார்க்கில் இறங்கலாம். திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறினாலோ, சிங்கப்பூரில் கால் வைக்கும்போது புதன் விடிந்துகொண்டிருக்கும். செவ்வாய்க்கு ஓட்டல் அறை போடாதீர்கள்.