இரு வட்டு, இரு இயங்குதளம்: பிரிவது எது, பிரியாதது எது?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றே இருந்தது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் இரண்டும் அதில்தான் குடியிருந்தன. அந்த விண்டோஸ் கேட்ட குறைந்தபட்ச இடம் 16 ஜிபி, அதாவது வட்டில் 5 விழுக்காடு. 2025-26 நிதிநிலை அறிக்கை புதிய மடிக்கணினித் திட்டத்துக்கு ரூ.2,000 கோடி ஒதுக்கியது. இதற்கான கருவியில் 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, பாஸ் லினக்ஸ். விண்டோஸ் 11 கேட்பது 64 ஜிபி, அதாவது 25 விழுக்காடு. 14 ஆண்டுகளில் வட்டு 20 விழுக்காடு சுருங்கியது. இயங்குதளத்தின் தேவை 4 மடங்கானது. வட்டின் வேகம் பன்மடங்கு கூடியது உண்மை. இடத்துக்கு அது ஈடாகாது.

துறைமுக நகரான தூத்துக்குடியில் இந்த நெருக்கடிக்குத் தனிக் காரணம் உண்டு. கப்பல் முகவர், உப்பு வணிகர் போன்றோரின் கணக்குக்கு வேண்டிய டேலி விண்டோஸில்தான் ஓடும். அதே வீட்டில் கணினி படிக்கும் பிள்ளைக்கு லினக்ஸ் வேண்டும். லினக்ஸுக்கு உபுண்டுவின் பரிந்துரைப்படி 25 ஜிபி என்று கொண்டால், இரண்டுக்கும் 89 ஜிபி போக 256-இல் மிஞ்சுவது 167 ஜிபி. அதே அளவில் இரண்டாவது வட்டு சேர்த்தால் விண்டோஸ் பக்கம் 192, லினக்ஸ் பக்கம் 231, ஆக 423 ஜிபி மிஞ்சும். கொள்ளளவு 2 மடங்கு. கையில் நிற்கும் இடம் 2.5 மடங்கு.

செலவு? வட்டுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. வரிக்கு முன் ரூ.2,000 என்று வைத்துக்கொண்டால் கையிலிருந்து போவது ரூ.2,360. ரூ.20,000 மதிப்புள்ள கணினியில் இது 11.8 விழுக்காடு. மேசைக் கணினியில் இடம் இருக்கும். மடிக்கணினியில் இரண்டாவது வட்டுக்கு இடம் உண்டா என்று மூடியைக் கழற்றிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

ஒரு வட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு 2 விழுக்காடு என்று கொள்வோம். ஒரே வட்டில் இரண்டும் இருந்தால் இரண்டையும் இழக்கும் வாய்ப்பும் அதே 2 விழுக்காடு, 50-இல் 1. தனி வட்டுகளில் இரண்டும் சேர்ந்து போகும் வாய்ப்பு 0.04 விழுக்காடு, 2,500-இல் 1. ஆனால் ஏதேனும் ஒன்றாவது பழுதாகும் வாய்ப்பு 3.96 விழுக்காடாக ஏறும். இக்கணக்கு இரு வட்டும் தனித்தனியே கெடும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. பவர் சப்ளை ஒன்றுதான். செம்பில் களிம்பேற்றும் உப்புக்காற்றும் இரண்டுக்கும் பொது. ஆகவே 2,500 என்பதைச் சற்றுக் குறைத்தே நம்பலாம்.

பலர் தவறுவது 100 எம்பியில். கணினி எழும்பத் தேவையான கோப்புகளுக்காக விண்டோஸ் தன் வட்டில் ஒதுக்கும் பகுதியின் வழக்கமான அளவு அது. லினக்ஸை இரண்டாம் வட்டில் நிறுவினாலும், அதன் தொடக்கக் கோப்புகள் முதல் வட்டின் இந்த 100 எம்பிக்குள் போய் உட்காரக்கூடும். பிறகு முதல் வட்டைக் கழற்றினால் லினக்ஸும் எழும்பாது. நிறுவும் நேரத்தில் விண்டோஸ் வட்டின் கேபிளைப் பிடுங்கி வைப்பதற்குச் செலவு ரூ.0. அதைச் செய்யாமல் ரூ.2,360 செலவிட்டால் பிரிவினை அரைகுறைதான்.

கேபிளைப் பிடுங்கியும் பிரியாத ஒன்றை 2024 காட்டியது. ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு இயங்கும் இரு இயங்குதளக் கணினிகள் பலவற்றில் லினக்ஸை எழவிடாமல் நிறுத்தியது. முழுத் திருத்தம் 2025 மே 13 அன்று வந்தது: 273 நாள். லினக்ஸைத் தடுத்த அந்தக் குறிப்பு எழுதப்பட்ட இடம் மதர்போர்டின் நினைவகம். எனவே தனி வட்டு வைத்தவருக்கும் விலக்கு இல்லை.

கணினியின் கடிகாரமும் மதர்போர்டில்தான் இருக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கும். இந்தியாவில் வேறுபாடு 330 நிமிடம். இணையத்தில் சரிபார்க்கும் வரை, லினக்ஸுக்குப் பின் திறந்த விண்டோஸ் 5 மணி 30 நிமிடம் பின்தங்கிக் காட்டும். நள்ளிரவு 12 முதல் விடியற்காலை 5.30 வரை தேதியே முந்தைய நாளாகும். ஒரு நாளின் 1,440 நிமிடத்தில் இது 22.9 விழுக்காடு. பகலில் மட்டும் திறக்கும் கடைக்கு இது நேரப்பிழை. இரவிலும் சரக்கு ஏறி இறங்கும் துறைமுகத்தில், ராத்திரி ஷிப்டில் 2 மணிக்குப் பதியும் சரக்குச் சீட்டு முந்தைய நாள் இரவு 8.30 என்று நிற்கும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே கட்டளை போதும்: டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 (timedatectl set-local-rtc 1).