முதுகில் நீர் எடுத்தால் கால் செயலிழக்குமா? மூளைக்காய்ச்சல் டெஸ்ட்டில் நடப்பது என்ன?

கடும் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கழுத்தைக் குனிய முடியாத இறுக்கம், போகப் போக பேச்சில் குழப்பம். இப்படி ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தால், "முதுகுல இருந்து கொஞ்சம் நீர் எடுத்து டெஸ்ட் பண்ணணும்" என்று டாக்டர் சொல்வார். அதைக் கேட்டதுமே பல குடும்பங்கள் பயந்துவிடுகின்றன. "முதுகுல ஊசி போட்டா கால் விழுந்துடுமாமே", "ஊர்ல இருந்து பெரியவங்க வரட்டும், அப்புறம் கையெழுத்து போடுறோம்" என்று நேரம் போய்விடுகிறது. ஆனால் இந்த நோயில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

எதற்காக அந்த நீர்?

மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் சவ்வுகளில் ஏற்படும் அழற்சிதான் மெனிஞ்சைட்டிஸ். பேச்சுவழக்கில் மூளைக்காய்ச்சல் என்கிறோம். இது பாக்டீரியா, வைரஸ், காசநோய் கிருமி, பூஞ்சை என எதனாலும் வரலாம். வெளியே தெரியும் அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மருந்து வேறு வேறு. பாக்டீரியா என்றால் உடனே ஆன்டிபயாடிக் ஊசி வேண்டும். காசநோய் என்றால் பல மாதம் மாத்திரை. வைரஸ் என்றால் பலருக்கு ஓய்வும் கவனிப்புமே போதும்.

எந்தக் கிருமி என்பதை ரத்த டெஸ்ட்டும் ஸ்கேனும் மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அந்தச் சவ்வுகளுக்கு நடுவே ஓடும் நீரில்தான் பதில் இருக்கிறது. பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வருபவர்களில் சுமார் 6 பேரில் ஒருவர் உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

சரி, கால் விழுந்துடுமா?

பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே, 3-4 அல்லது 4-5வது முள்ளெலும்புகளுக்கு இடையில். அங்கே தண்டுவடமே இல்லை. நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் இருக்கும். ஊசி பட்டால் அவை பெரும்பாலும் விலகிக்கொள்ளும்.

"நீரை எடுத்துட்டா மூளை வறண்டுடாதா?" என்ற பயமும் வேண்டாம். பெரியவர்கள் உடலில் இந்த நீர் சுமார் 150 மி.லி. இருக்கும். தினமும் சுமார் 500 மி.லி. புதிதாகச் சுரக்கிறது. டெஸ்ட்டுக்கு 10 மி.லி. எடுத்தாலும், அரை மணி நேரத்தில் அந்த அளவு ஊறிவிடும். சிலருக்குச் சில நாட்கள் தலைவலி வரலாம். இந்த முறை 1891ல் ஜெர்மனி மருத்துவர் குவின்கே காலத்தில் இருந்தே பயன்பாட்டில் இருக்கிறது.

லேப்பில் என்ன பார்ப்பார்கள்?

நிறம்: சாதாரணமாகத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். கலங்கலாக வந்தால் பாக்டீரியா சந்தேகம் வலுக்கும்.

வெள்ளை அணுக்கள்: பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோ லிட்டரில் 5க்குள் இருக்க வேண்டும். பாக்டீரியா தொற்றில் ஆயிரத்தையும் தாண்டலாம். அதில் நியூட்ரோபில் அதிகம் என்றால் பாக்டீரியா பக்கமும், லிம்போசைட் அதிகம் என்றால் வைரஸ் அல்லது காசநோய் பக்கமும் சந்தேகம் போகும்.

சர்க்கரை: ரத்தத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அதே நேரத்தில் ரத்தமும் எடுக்கிறார்கள். பாக்டீரியா, காசநோய் தொற்றுகளில் இது குறையும். வைரஸில் பெரும்பாலும் குறையாது.

புரதம்: டெசிலிட்டருக்கு சுமார் 45 மி.கி. வரை இயல்பு. காசநோயில் நன்றாகவே ஏறும்.

கிருமி: கிராம் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இதன் முடிவு சீக்கிரமே வந்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு 2, 3 நாட்கள் ஆகும். காசநோய் கல்ச்சருக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், சுமார் 2 மணி நேரத்தில் முடிவு தரும் சிபிநாட் டெஸ்ட் செய்கிறார்கள். அதில் 'இல்லை' என்று வந்தாலும் காசநோயே இல்லை என்று அர்த்தமில்லை. மற்ற ரிப்போர்ட்டுகளையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

யாருக்கு உடனே எடுக்க மாட்டார்கள்?

மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கும் சந்தேகம் இருந்தால் முதலில் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். தட்டணுக்கள் மிகவும் குறைந்தவர்கள், ஊசி போடும் இடத்தில் புண் உள்ளவர்கள் ஆகியோருக்கும் தள்ளிப்போடுவார்கள். அதற்காகச் சிகிச்சை காத்திருக்காது. சந்தேகம் வலுவாக இருந்தால் ஆன்டிபயாடிக் முதலிலேயே தொடங்கிவிடும்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

* வெளியே ஏற்கனவே ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் சீட்டோடு காட்டுங்கள். மருந்து உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். ஆனாலும் அணு எண்ணிக்கையும் புரதமும் துப்பு கொடுக்கும். 'இனிமே எடுத்து என்ன பயன்' என்று மறுக்க வேண்டாம்.

* ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மறக்காமல் சொல்லுங்கள்.

* டியூபை உங்கள் கையில் கொடுத்து லேப்புக்கு அனுப்பினால் நேராகப் போய்க் கொடுங்கள். நேரம் ஆக ஆக அணுக்கள் சிதையும், எண்ணிக்கை தப்பாகும். கல்ச்சருக்கான டியூபை பிரிட்ஜில் வைக்கவே கூடாது. குளிரில் சில கிருமிகள் செத்துவிடும்.

சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். "எங்க குத்துவீங்க, எவ்வளவு எடுப்பீங்க, ரிப்போர்ட் எப்போ வரும்" என்று கேட்க 5 நிமிடம் போதும். கையெழுத்துக்காக ஒரு ராத்திரி காத்திருந்தால், சரியான மருந்தும் அவ்வளவு நேரம் தள்ளிப்போகலாம்.