வயல்காட்டில் படுத்துறங்க ஒரு டிரெய்லர்: ஊர்ப் பட்டறையிலேயே செய்யலாம்

அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் கிடை போடும் ராமநாதபுரம், சிவகங்கை கீதாரிகள், தாள் வயலில் வாத்து மேய்ப்பவர்கள், ரப்பர் பூக்கும் காலத்தில் தேனீப் பெட்டிகளுடன் கேரளம் போகும் குமரி மாவட்டத்துக்காரர்கள், காட்டுப்பன்றிக்குப் பயந்து கடலைக் கொல்லையிலும் மக்காச்சோளக் காட்டிலும் இரவுக் காவல் இருப்பவர்கள் என, வேளாண்மையில் வெட்டவெளியில் உறங்கும் கூட்டம் பெரியது. இவர்களில் பலருக்கு இன்றும் தார்ப்பாயும் தரையும்தான் படுக்கை.

தரையில் படுப்பதில் உள்ள ஆபத்தை விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர்கள். இரவில் இரை தேடும் கட்டுவிரியன், தரையில் உறங்குபவர்களைத் தூக்கத்திலேயே கடிக்கும். கடித்த இடத்தில் பெரிய வலியோ வீக்கமோ இருக்காது. விடியும்போது வயிற்றுவலியும், இமைகள் தொங்கிப் போவதும் கண்டுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது. தரையை விட்டு உயர்ந்த படுக்கையும், மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிய கொசுவலையும் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும்.

அந்த உயர்ந்த படுக்கையைச் சக்கரத்தின் மேல் வைத்து, போகும் இடத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போக முடியுமா? முடியும். இன்று ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் கரடுமுரடான பாதைகளில் உல்லாசப் பயணிகள் இழுத்துச் செல்லும் முகாம் டிரெய்லருக்கு முன்னோடிகளில் ஒன்று ஆட்டிடையர்களின் வண்டிதான். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 1880-களில் ஆட்டு மந்தைகளோடு அலைந்தவர்களுக்காகக் கொல்லர்கள் ஒரு வண்டி செய்து கொடுத்தார்கள். மேலே கித்தான் கூரை, வாசலருகே அடுப்பு, பின்பக்கம் குறுக்கே உயரமான கட்டில், கட்டிலுக்கு அடியில் சாமான் அறை. அந்த அமைப்பில் நம் தேவைக்குப் பெரிதாக மாற்ற எதுவும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாம்புக்குத் தப்ப வேண்டும் என்று செய்யும் வண்டி, வரப்பில் கவிழ்ந்தோ சாலையில் ஆட்டம் கண்டோ உயிரைப் பறித்துவிடக் கூடாது. பட்டறைக்குப் போனதும் ஜன்னல், விளக்கு, அலமாரி என்றுதான் பேச்சு தொடங்கும். உண்மையில் முதலில் முடிவு செய்ய வேண்டியவை மூன்று: எடை எவ்வளவு, அச்சு எங்கே, கொக்கி எப்படி.

எடைக் கணக்கு

இருவர் படுக்க 7 அடி நீளம், 4 அடி அகலம் போதும். அடிச்சட்டத்துக்கு 50 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 3 மி.மீ. கனத்தில் எடுக்கலாம். இது மீட்டருக்கு ஏறத்தாழ நாலே கால் கிலோ வரும். நீளவாக்கில் இரண்டு, குறுக்கே ஐந்து என்று போட்டால் மொத்தம் 34 அடி, அதாவது சுமார் 45 கிலோ. இழுவைச் சட்டத்துக்கு மட்டும் இதைவிடப் பெரிய குழாய் வேண்டும். தரைக்குப் போடும் 12 மி.மீ. பிளைவுட் ஒரு முழுத் தாள் சுமார் 25 கிலோ. அச்சு, ஹப், பட்டை ஸ்பிரிங், சக்கரங்கள், மேல்கூடு எல்லாம் சேர்த்து வெறும் வண்டியை 250 கிலோவுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டி, அரிசி பருப்பு, அடுப்பு, படுக்கை, பேட்டரி ஆகியவை ஏறினால் மொத்தம் 450 கிலோவைத் தொடும். இனி வரும் கணக்குகள் இந்த 450 கிலோவை வைத்தே.

‘பலமாக இருக்கட்டும்’ என்று எல்லா இடத்திலும் கனத்த இரும்பைப் போடுவது நல்லதல்ல. சேற்றில் புதைவதும், இறக்கத்தில் முன்வண்டியைத் தள்ளுவதும் அந்தக் கூடுதல் எடைதான்.

அச்சு நடுவில் வேண்டாம்

இரு சக்கர டிரெய்லரில் அச்சைச் சரியாக நடுவில் வைத்தால், பின்பக்கம் கொஞ்சம் பாரம் கூடினாலே கொக்கி மேலே தூக்கும். அப்போது இழுக்கும் வண்டியின் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். ஜீப் அல்லது சிறு சரக்கு வண்டி வேகமாக இழுத்தால் டிரெய்லர் இடமும் வலமும் வாலாட்டத் தொடங்கும். தொடங்கிய ஆட்டத்தை ஸ்டியரிங்கைத் திருப்பி நிறுத்த முயன்றால் அது இன்னும் கூடும்.

இதைத் தவிர்க்க, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். நம் வண்டியில் கொக்கியிலிருந்து தளத்தின் முன்முனை வரை நாலரை அடி இழுவைச் சட்டம் வைத்து, முன்முனையிலிருந்து 4 அடி பின்னால் அச்சை வைத்தால், கொக்கிக்கும் அச்சுக்கும் எட்டரை அடி. முழுப் பாரத்தோடு எடையின் மையம் அச்சுக்கு ஓர் அடி முன்னால் விழுந்தால், கொக்கியில் ஏறத்தாழ 12 சதவீதம், அதாவது 53 கிலோ இறங்கும். இதுவே சரியான அளவு.

மையத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை மேடையில் மொத்த எடையை எடுத்துக் கொள்ளுங்கள். பிறகு வண்டியை மட்டமான தரையில் நிறுத்தி, கொக்கி முனையை இழுக்கும் உயரத்திலேயே ஒரு கட்டையின் மேல் தாங்கி, கட்டைக்கு அடியில் நெல் மூட்டை நிறுக்கும் தராசை வையுங்கள். தராசு காட்டுவதில் கட்டையின் எடையைக் கழித்தால் கொக்கி எடை கிடைத்துவிடும். இந்தச் சோதனை முடியும்வரை அச்சைச் சட்டத்தோடு முழுதாகப் பற்றவைக்காமல், போல்ட்டில் நகர்த்தும்படி வைத்திருப்பது நல்லது.

சாமான் ஏற்றுவதிலும் இதே கணக்கு உண்டு. பின்முனை அச்சிலிருந்து 3 அடி தள்ளி இருக்கிறது. அங்கே 20 கிலோ மாற்றுச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் கொக்கியில் 7 கிலோ குறையும். கூடவே 60 கிலோ தீவன மூட்டையைப் பின்னால் போட்டால் இன்னும் 21 கிலோ குறையும். 53 கிலோ இருந்த இடத்தில் 25 கிலோதான் மிஞ்சும். மொத்த எடையோ 530 கிலோ ஆகியிருக்கும். அது 5 சதவீதம்கூட இல்லை. எனவே கனத்த சாமான்கள் அச்சுக்குச் சற்று முன்னால், தளத்தை ஒட்டிக் கீழே இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே வைத்தால், காலியாகும்போதும் கொக்கி எடை அதிகம் மாறாது.

வரப்பில் கவிழாமல் இருக்க

சக்கரங்களுக்கு இடையே 5 அடி இருந்து, எடையின் மையம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தால், அசையாமல் நிற்கும் வண்டி 45 டிகிரி சாய்ந்த பிறகே கவிழும். கூரையின் மேல் சாமான் ஏற்றி மையத்தை 4 அடிக்கு உயர்த்தினால் அது 32 டிகிரியாகக் குறையும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஓர் அடி உயர வரப்பில் ஏறினாலே வண்டி 11 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிடும். ஓடும்போது ஸ்பிரிங் அழுந்துவதும், குலுக்கலும், தொட்டியில் தண்ணீர் ஒரு பக்கம் சரிவதும் இதோடு சேரும். ஆகவே கூரையில் எதையும் ஏற்றாதீர்கள். தளத்தைச் சக்கரங்களுக்கு மேலே தூக்காமல், இரு சக்கரங்களுக்கு இடையில் தாழ்வாக அமையுங்கள்.

ஜீப்போ சிறு சரக்கு வண்டியோ இழுப்பதாக இருந்தால், டிரெய்லரின் சக்கர இடைவெளியும் அதன் இடைவெளியும் ஒன்றாக இருப்பது நல்லது. முன்வண்டி போட்ட தடத்திலேயே பின்வண்டியும் வரும். சேற்றில் இழுவை குறையும். டயர் அளவும் நட்டு அமைப்பும் ஒன்றாக இருந்தால், ஒரே மாற்றுச் சக்கரம் இரண்டுக்கும் ஆகும்.

கொக்கி, சங்கிலி

தார்ச்சாலையில் கொக்கி மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்பினால் போதும். வரப்பு, வாய்க்கால் கடக்கும்போது முன்வண்டி ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலுக்கும் கொக்கி இடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று கொக்கி உடையும், அல்லது கவிழும் டிரெய்லர் முன்வண்டியையும் சேர்த்துப் புரட்டும். டிராக்டரின் பின் கொக்கியில் ஓரளவு தளர்வு உண்டு. அதில் பின் தானாக மேலே எழும்பி வராதபடி பூட்டு ஊசி போடுவது கட்டாயம். எந்தக் கொக்கியானாலும் அதன் அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் போட வேண்டும். கொக்கி கழன்றாலும் இழுவைச் சட்டம் தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தாங்கும்.

பற்றவைக்கும்போது அருகில் நிற்க வேண்டிய இடம், இழுவைச் சட்டம் தளத்தின் முன்முனையைத் தொடும் இடம். வண்டியில் அதிக அழுத்தம் விழுவது அங்கேதான். அந்தக் குழாயின் மேல்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் குறுக்கே வெல்டு வைத்தால், விரிசல் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கும். பக்கவாட்டில் நீளவாக்கில் வெல்டு வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். பெயின்ட்டில் மெல்லிய துருக் கோடு தெரிந்தால் அது விரிசலின் அடையாளம்.

மேல்கூடு

நம் வெயிலுக்கு நாலு பக்கமும் தகரம் அடித்த அறை ஆகாது. மெல்லிய குழாயில் கூடு கட்டி, பக்கங்களில் கொசுவலையும் அதற்கு வெளியே சுருட்டி இறக்கும் தார்ப்பாயும் போதும். கூரைத் தகரத்துக்கும் உள்விரிப்புக்கும் நடுவே காற்றுப் போக இரண்டு அங்குல இடைவெளி விட்டால் இரவில் வெக்கை குறையும். கதவை அடைத்த பின் விரல் நுழையும் இடைவெளி எங்கும் இருக்கக் கூடாது. பாம்பு சக்கரத்தின் வழியாகவும் ஏறும் என்பதால், உயரத்தை மட்டும் நம்பாமல் வலையையும் செருகியே படுக்க வேண்டும்.

அடுப்பு வெளியே இருக்கட்டும். மழை என்று உள்ளே கரியடுப்பு வைத்துத் தார்ப்பாயை இறக்கிவிட்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே கொன்றுவிடும். சமையலுக்குப் பின்பக்கம் மடித்து இறக்கும் பலகை ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. பொதுச் சாலையில் ஓட வேண்டுமானால் பதிவும் காப்பீடும் தேவை. எனவே இரும்பு வாங்கும் முன்பே, வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும். ஏற்கெனவே பதிவு செய்த டிராக்டர் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு எளிய வழி உண்டு. வண்டியில் கை வைக்காமல், கட்டிலும் கூடும் சேர்ந்த பெட்டியைத் தனியாகச் செய்து, தளத்துக்கு வெளியே நீட்டாமல் வைத்து, நாலு மூலையிலும் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் இறக்கி வைத்துவிட்டு மூட்டை ஏற்றலாம்.

எந்த வகையானாலும் பின்னால் சிவப்பு விளக்கும் பிரதிபலிப்பான் பட்டையும் வேண்டும். வண்டி ஓடும்போது உள்ளே ஒருவரும், குறிப்பாகக் குழந்தைகள், இருக்கக் கூடாது. அது படுக்க மட்டுமே.

முதல் பயணம்

முதல் 20 கிலோமீட்டரில் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் அதிகம் இறுகியிருக்கிறது. 50 கிலோமீட்டரில் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். இறக்கத்தில் பாதி வழியில் கியர் மாற்றாமல், முதலிலேயே தாழ்ந்த கியரில் இறங்குங்கள். வாய்க்கால் கரையிலும் சாலையோரத்திலும் நிறுத்த வேண்டாம். மேடான இடமாகப் பார்த்து, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, மூலைக் கால்களை இறக்கிய பிறகே கொக்கியைக் கழற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யாரையாவது பாம்பு கடித்தால், கட்டுப் போடுவதிலும் கீறிவிடுவதிலும் நேரத்தைக் கழிக்காமல், கடிபட்டவரை நடக்கவிடாமல், 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கூட்டின் உட்புறத்தில் அந்த எண்ணையும், தங்கியிருக்கும் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கிடை மாறும்போதெல்லாம் மருத்துவமனை பெயரையும் மாற்றி எழுத மறக்க வேண்டாம்.